கைதட்டு மட்டும் காப்பாற்றாது

(நமது சங்கத்தின் மகளிர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அடுத்த மாதம் நம் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் நடத்துகிறோம். அதற்கு முன்னால் விளையாட்டைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னார். நான் விளையாட்டுக்காரன் அல்ல. மெட்ரிக் முடித்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆனால் ஒரு தொழிலாளியின் மேல் நிர்வாகம் விசாரணை வைத்தால் அது எப்படி நடக்கிறது, எப்படி நடந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பல தோழர்களுக்கு அருகில் உட்கார்ந்து வாதாடியிருக்கிறேன். ஆகவே, ஓடி ஜெயித்த குற்றத்துக்காக ஒரு பெண்ணின் மேல் உலகமே வைத்த ஒரு விசாரணையைப் பற்றி இன்று பேசுகிறேன்.

2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில் உலகத் தடகளச் சாம்பியன் போட்டி நடந்தது. ஜமைக்காவின் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினாரே, அதே போட்டிதான். 19ஆம் தேதி பெண்களுக்கான 800 மீட்டர் இறுதி ஓட்டம். மைதானத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்த காஸ்டர் செமென்யா என்ற 18 வயதுப் பெண், 1 நிமிடம் 55.45 விநாடியில் ஓடி முடித்தார். இரண்டாவதாக வந்த கென்யாவின் ஜெப்கோஸ்கெய் 1 நிமிடம் 57.90 விநாடி. இந்த ஓட்டத்தில் இரண்டரை விநாடி என்பது பெரிய இடைவெளி. பின்னால் வந்தவர்கள் பல மீட்டர் தூரத்தில் வந்தார்கள்.

பதினெட்டு வயதுப் பெண் உலகப் பட்டம் வாங்கினால் ஊரே கொண்டாட வேண்டும். நடந்தது என்ன? ஓட்டம் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, “இந்தப் பெண் உண்மையில் பெண்தானா என்று சோதிக்கச் சொல்லியிருக்கிறோம்” என்ற செய்தி சர்வதேச தடகள சம்மேளனத்தின் பக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. அந்தப் பெண் காலில் முள்செருப்பைக் கட்டிக்கொண்டு கோட்டில் நின்றபோதே, உலகம் அவருடைய தோளையும் தாடையையும் குரலையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதே ஓட்டத்தில் ஓடிய இத்தாலிய வீராங்கனை ஒருவர், என் பார்வையில் அவர் ஆண் என்று பத்திரிகைகளிடம் சொன்னார். ஜெயித்தவர் பத்திரிகையாளர் முன் உட்கார வேண்டிய நாற்காலியில் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். ஓடியவள் பேசவில்லை. அவளைச் சந்தேகப்பட்டவர்கள் பேசினார்கள்.

தோழர்களே, கணக்குப் பார்ப்பது குமாஸ்தாவின் தொழில். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ஆண் என்று கேலி செய்யப்பட்ட அந்தப் பெண்ணின் நேரம் 1 நிமிடம் 55.45 விநாடி. அன்றைக்கு இருந்த ஆண்கள் உலக சாதனை 1 நிமிடம் 41.11 விநாடி. பதினான்கு விநாடிக்கு மேல் வித்தியாசம். பெண்கள் சாதனையைப் பாருங்கள். 1983இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கிராடோச்விலோவா 1 நிமிடம் 53.28 விநாடியில் ஓடியதுதான் அன்றைக்கும் நின்றது. அதைக்கூட செமென்யா தொடவில்லை. மனித முயற்சிக்கு அப்பாற்பட்ட எதையும் அந்தப் பெண் செய்துவிடவில்லை. பார்வைக்கு அவர்கள் எதிர்பார்த்த பெண்ணைப் போல இல்லை, நன்றாகவும் ஓடிவிட்டார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம்.

இது பெர்லினில் புதிதாகத் தோன்றிய வியாதி அல்ல. 1966இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஐரோப்பியப் போட்டி நடந்தபோது, பெண்கள் மருத்துவர்கள் முன்னால் உடையில்லாமல் நின்று காட்டினால்தான் ஓடலாம் என்றார்கள். 1968 ஒலிம்பிக்கிலிருந்து குரோமோசோம் சோதனை வந்தது. 1985இல் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹொசே மார்ட்டினெஸ் பாட்டின்யோ அந்தச் சோதனையில் மாட்டிக்கொண்டார். அவர் பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். தன் உடம்புக்குள் குரோமோசோம் வேறு மாதிரி இருப்பது அதுவரை அவருக்கே தெரியாது. ரகசியமாக இருக்க வேண்டிய முடிவு பத்திரிகைக்குப் போயிற்று. சாதனைகளை அழித்தார்கள். மணம் பேசியவர் விலகிப் போனார். மூன்று வருஷம் தனியாகப் போராடி 1988இல் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார். எல்லாப் பெண்களையும் சோதிப்பதை ஒலிம்பிக் கமிட்டி 1999இல்தான் நிறுத்தியது. அதற்குப் பிறகு சந்தேகப்பட்டவரை மட்டும் சோதிப்பது என்று ஆயிற்று. சந்தேகம் யார் மேல் விழுகிறது? அதைத்தான் பெர்லின் காட்டியது.

இனி, ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

செமென்யா ஊர் திரும்பிய நாளில் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஆட்டமும் பாட்டுமாக, இவள் எங்கள் பெண் என்று தோளில் தூக்கினார்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற வின்னி மண்டேலா வந்து பக்கத்தில் நின்றார். ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா அழைத்துப் பாராட்டினார். நிறவெறி அரசாங்கம், தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்து மனிதரை இனம் பிரித்த நாடு அது. உடம்பை அளந்து பார்த்து அந்தஸ்து தருகிற அதிகாரம் என்றால் என்ன என்று அந்த ஜனங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் அன்று செய்தது மகத்தான காரியம். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தக் கைதட்டு அவரைக் காப்பாற்றியதா? இல்லை. ஏன் என்று கேளுங்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பெண்ணை அவமதித்தார்கள் என்று எல்லோரையும்விட அதிகமாக முழங்கியவர் தென்னாப்பிரிக்கத் தடகளச் சங்கத்தின் தலைவர் லியோனார்ட் சூனே. எங்கள் நாட்டில் எந்தச் சோதனையும் நடக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். அடுத்த மாதமே, தான் சொன்னது பொய் என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பெர்லினுக்குப் புறப்படும் முன்பே பிரிட்டோரியாவில் சோதனை நடந்திருக்கிறது. இவரை இந்தப் போட்டியிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்று அணியின் மருத்துவரே யோசனை சொல்லியிருக்கிறார். பதக்கம் வேண்டும் என்பதற்காகத் தலைவர் கேட்கவில்லை. அது என்ன சோதனை என்பதை அந்தப் பெண்ணுக்கு நேர்மையாகச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டி, பயிற்சியாளர் ஒருவர் சங்கத்திலிருந்து ராஜினாமா செய்தார். வெளியே இருந்த எதிரி சந்தேகப்பட்டான். உள்ளே இருந்த தலைவன் மறைத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது பதினெட்டு வயதுப் பெண்.

இன்னொன்றும் நடந்தது. பெர்லின் முடிந்த சில வாரங்களில், தென்னாப்பிரிக்கப் பத்திரிகை ஒன்று அவருக்குக் கவுன் போட்டு, நகை அணிவித்து, நகப்பூச்சுப் பூசி அட்டைப்படம் வெளியிட்டது. பாருங்கள், இவளும் பெண்தான் என்று ஊருக்கு நிரூபிக்கும் முயற்சி! அதே மாதத்தில் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று, சோதனை முடிவு என்று சொல்லி அவருடைய உடம்புக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அச்சடித்தது. ஒருவர் உடை மாட்டிக் காட்டினார். ஒருவர் உடம்பைத் திறந்து காட்டினார். உனக்கு என்ன வேண்டும் அம்மா என்று கேட்டவர்கள் சிலரே.

இந்த இடத்தில் நியாயத்தின் மறுபக்கத்தையும் நான் பேசியாக வேண்டும். பின்னால் ஓடிவந்த பெண்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. பெண்களுக்கென்று தனிப் பந்தயம் இருப்பதால்தான் நம் பெண்கள் பதக்கம் பார்க்கிறார்கள். ஆணோடு சேர்த்து ஓடவிட்டால் ஒரு பெண்ணும் இறுதிச் சுற்றுக்கு வரமாட்டாள். அந்த வேலி வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு ஆண்களுக்கு அதிகம், அது தசைக்கும் ரத்தத்துக்கும் பலம் தருகிறது, எனவே அந்த அளவைப் பார்த்து வேலி போடுகிறோம் என்றார்கள் சம்மேளனத்தார். 2019 மே மாதம் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம், இந்த விதி பாரபட்சமானதுதான், ஆனாலும் பெண்கள் பந்தயத்தைக் காக்க அவசியமானது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அறிஞர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிற விஷயம். வேலி எங்கே போடுவது என்று இந்த மேடையிலிருந்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வேலி போடுகிறவன் மனுஷியை எப்படி நடத்துகிறான் என்று கேட்க மட்டும் நமக்கு முழு உரிமை உண்டு.

ஏனென்றால் இந்தக் கதை பெர்லினுக்கு மூன்று வருஷம் முன்பே நம் வீட்டில் நடந்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜனை நம்மில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். செங்கல் சூளையில் வேலை செய்த தாய் தகப்பனுக்குப் பிறந்தவர். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டில், இதே 800 மீட்டரில் 2 நிமிடம் 03.16 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். சோதனை என்றார்கள், தேறவில்லை என்றார்கள், பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஊரெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தது. அன்றைய முதலமைச்சர் கலைஞர், பதக்கம் பறிபோனாலும் பரிசு உண்டு என்று 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். அது நல்ல காரியம். ஆனால் அவருக்காக நடுவர் மன்றத்துக்கு வழக்குக் கொண்டுபோக இந்திய விளையாட்டு ஸ்தாபனம் எதுவும் முன்வரவில்லை. சில வருஷம் கழித்து அவர் மீண்டும் செங்கல் சூளையில் நாள் கூலிக்கு நின்றார். பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்து, 2016இல்தான் தமிழக அரசின் விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பத்து வருஷம், தோழர்களே! ஓட்டக்காரிக்குப் பத்து வருஷம் என்றால் முழு ஆயுள்.

இப்போது மூன்றாவது பெண்ணைக் கேளுங்கள். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்து நெசவாளி வீட்டுப் பெண் டூட்டி சந்த். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுக்குப் புறப்படும் நேரத்தில் அவரையும் இதே காரணம் சொல்லி நிறுத்தினார்கள். ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம். சாந்தியின் கதை தெரிந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியாளர்களும் வழக்கறிஞர்களும் கூட நின்றார்கள். இந்திய விளையாட்டு ஆணையமும் ஆதரவு கொடுத்தது. மருந்து சாப்பிட மாட்டேன், என் உடம்பில் குறையில்லை என்று அந்தப் பெண் லோசான் வரைக்கும் வழக்குப் போட்டார். 2015 ஜூலையில் நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. டூட்டி 2016 ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார். பிறகு 2023இல் ஊக்கமருந்துப் புகாரில் தடை பெற்றார். அது வேறு வழக்கு. அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

அந்தத் தீர்ப்பால் இன்னும் யாருக்கு லாபம் என்று பாருங்கள். விதி நின்றதால் தென்னாப்பிரிக்காவின் செமென்யாவும் மருந்தில்லாமல் ஓட முடிந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஒடிசா நெசவாளி மகள் போட்ட வழக்கு, லிம்போப்போ கிராமத்து மகளுக்கு வழி திறந்தது. இருவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள் அல்ல, ஒரே நாட்டுக்காரர்களும் அல்ல. இதற்குத்தான் நாம் ஒற்றுமை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிறகு 2018இல் சம்மேளனம் புது விதி போட்டது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரைதான் பொருந்தும் என்றது. செமென்யாவின் ஓட்டம் அதற்குள்தான் வருகிறது. மருந்து சாப்பிட்டுச் சுரப்பைக் குறைத்தால் ஓடலாம் என்றார்கள். அவர் மறுத்தார். நடுவர் மன்றத்தில் தோற்றார், சுவிட்சர்லாந்து உயர்ந்த நீதிமன்றத்தில் தோற்றார், விடவில்லை. 2025 ஜூலை 10ஆம் தேதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, சுவிஸ் நீதிமன்றம் இவருடைய வழக்கைப் போதிய அளவு ஆராயவில்லை, நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 15க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. விதி ரத்தாகவில்லை. பதக்க வயதும் போய்விட்டது. ஆனாலும் விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்பது எழுத்தில் ஏறிவிட்டது. பதினாறு வருஷம் ஆயிற்று.

அதே 2025 செப்டம்பரில் ஜப்பானின் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டிக்கு, பெண்கள் பிரிவில் ஓடும் எல்லோரும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று விதி வந்தது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அல்லது ரத்தம் எடுப்பார்கள். ஆயுளில் ஒரு முறை போதும் என்கிறார்கள். எல்லோருக்கும் பொது என்பதால் ஒருத்தியை மட்டும் விரல் நீட்டும் அவமானம் குறையும் என்பது ஒரு வாதம். ஆனால் அந்த மரபணுவை 1990இல் கண்டறிந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்க்ளேரே, ஒருவர் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்க இந்தச் சோதனை போதாது என்று எழுதினார். பெரிய நாட்டுப் பெண்ணுக்குச் சோதனை முடிவு வந்தால் அருகில் மருத்துவரும் வக்கீலும் இருப்பார்கள். செங்கல் சூளையிலிருந்து வந்த பெண்ணுக்கு யார் இருப்பார்கள்?

நம் ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓட்டும் தோழருக்கு ஏ-ஒன் கண் பரிசோதனை உண்டு. சிக்னல் நிறம் தெரியாதவரிடம் ரயிலைக் கொடுக்க முடியாது. அந்த விதியை எந்தத் தொழிற்சங்கமும் எதிர்க்கவில்லை. ஆனால் கண்ணில் தேறாதவரைத் தெருவில் தள்ளுகிறோமா? இல்லை. மாற்று வேலை கொடு, சம்பளத்தைக் குறைக்காதே என்று விதியிருக்கிறது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்திலேயே அது எழுதப்பட்டது. குற்றச்சாட்டு என்றால் சார்ஜ் ஷீட் எழுத்தில் தர வேண்டும். ஆவணத்தின் நகல் தர வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து வாதாட ஆள் வைத்துக்கொள்ளலாம். மேல்முறையீடு உண்டு. ஒரு கலாசித் தொழிலாளிக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, உலகச் சாம்பியனுக்கு இல்லாமல் போனது. இந்த உரிமைகள் யாருடைய கருணையிலும் வந்தவை அல்ல. சங்கம் கட்டி, வேலை நிறுத்தம் செய்து, சிறை சென்று வாங்கியவை. ஓட்டக்காரிக்குச் சங்கம் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் ரசிகர்கள்.

தாய்மார்களே, இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. நம் வரிசை வீடுகளில் ஒரு பெண் பிள்ளை கொஞ்சம் உயரமாக வளர்ந்து, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பையன்களை முந்தி ஓடினால் என்ன பேசுகிறோம்? “ஏண்டி, நீ பொண்ணா பையனா” என்று விளையாட்டாகக் கேட்கிறோம். பெர்லினில் பெரிய மனிதர்கள் கேட்டதும் அதே கேள்விதான். நம் பகுதியில் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டதால் ஓடுவதையே விட்டுவிட்டாள். அவள் அம்மாவும், வேண்டாம்மா, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது ஊர் ஒன்று சொல்லும் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிறவர்களுக்குப் பேச்சு என்றால் பயம்தான். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது சங்கத்தின் வேலை.

ஆகவே நான்கு காரியங்களைக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, நம் பந்தயத்தில் எந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றியும் ஒரு சொல் வரக்கூடாது. வந்தால் நடுவரானாலும் வெளியே போகட்டும்.

இரண்டாவது, நம் பெண் பிள்ளை மாவட்டப் போட்டிக்கோ மாநிலப் போட்டிக்கோ போனால், மகளிர் கிளையிலிருந்து ஓர் அக்காவோ அம்மாவோ கூடப் போக வேண்டும். செலவைச் சங்கம் ஏற்கட்டும்.

மூன்றாவது, எந்தச் சோதனைக்கும், எந்தக் காகிதத்துக்கும், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் புரிகிற மொழியில் விளக்கம் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. நகல் கையில் வாங்க வேண்டும். கேட்டால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். இங்கே இருக்கும் ஆண்களுக்கு அது பழக்கம்தானே!

நான்காவது, முடிவு எதுவானாலும் பிள்ளை நம் பிள்ளை. பதக்கத்தோடு வந்தால் ரயில் நிலையத்துக்கு மாலையோடு போவோம். பதக்கம் இல்லாமல், தலை குனிந்து வந்தால் அன்றைக்குக் கட்டாயம் போவோம். மாலை வாடியிருந்தாலும் பரவாயில்லை, ஆள் குறையக்கூடாது. மறுநாள் காலையில் நகலை எடுத்துக்கொண்டு வக்கீலிடமும் போவோம்.

இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றித் தருமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.